அவர் கைக்கு மட்டும்

பிலிம்பிக் காயை அம்மியில் நசுக்கி, அந்தப் புளிப்புச் சாற்றில் தேங்காய் நாரைத் தோய்த்து, காரின் பித்தளை விளக்குகளைத் தேய்ப்பது சிவகாமசுந்தரியின் வேலை. வெள்ளிக்கிழமை காலையில் குத்துவிளக்கும் பூசைச் செம்பும் முடிந்ததும், அதே நாரோடு பின்கட்டுக் கொட்டகைக்குள் போவாள். முன்பெல்லாம் புளியில்தான் தேய்த்தாள். ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த பிறகு குழம்புக்கே புளி கிடைக்கவில்லை. பிலிம்பி மரம் அடுத்த வீட்டுத் தம்பிராஜாவுடையது. காய்கள் வேலிக்கு இந்தப் பக்கமும் கொட்டின.

விளக்கில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு வந்ததும் அவள் ஒதுங்கிக்கொள்வாள். அவள் கணவர் ராஜரத்தினம் குனிந்து, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு புள்ளியைத் துடைப்பார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து, அவள் துலக்கிய விளக்கின் மேல் தன் கையாலேயே பூசிவிடுவார். அதன் மேல் பழைய சாக்கு, சாக்கின் மேல் விறகு, விறகின் மேல் கோழிக்கூண்டு.

"மறுபடி கரியப் பூசறதுக்கு நான் எதுக்குத் தேய்க்கணும்?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"கரிக்கு அடியில பச்சை புடிச்சிடும்."

"புடிச்சா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

ராஜரத்தினம் செங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பா மரம் வெட்டிப் பால் எடுத்தவர். பிள்ளை கொஞ்சம் இங்கிலீஷ் படித்து, டவுனில் ஒரு சீன முதலாளியின் ரப்பர் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, காஜா பெராங்கில் பலகை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கல்யாணமும் செய்துகொண்டார். கிடங்கில் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பார்த்து அடுக்குவது அவர் வேலை. அங்கே அவரை அதட்டாதவர்கள் கிடையாது. முதலாளி அதட்டுவார், முதலாளியின் மருமகன் அதட்டுவான், லாரிக்காரன்கூட இறங்காமலே "ஓய், ரத்தினம்!" என்பான். வீட்டில் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவருடைய சொந்தக்காரர்கள் சிவகாமியிடமும் சிவகாமியின் சொந்தக்காரர்கள் அவரிடமும் கேட்டார்கள்.

பிறந்த தோட்டத்தின் வெள்ளைக்கார மேனேஜர் புதுக் கார் வாங்கினார் என்று கேள்விப்பட்டு அவர் போய் நின்றது யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு. பழைய கார் கொட்டகையில் உரச் சாக்குகளுக்கு நடுவே கிடந்தது. திறந்த கார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு இரண்டு பேர். மழை வந்தால் கித்தான் கூரையை இழுத்து விரிக்க வேண்டும். பெரிய பித்தளை விளக்குகள், தவளைக் கண் மாதிரி. முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் கிளம்பும். அப்போதே அது பழசு. டவுனில் ஓடிய கார்களெல்லாம் பொத்தானை அழுத்தினால் கிளம்பின. அதைத்தான் அவர் விலைபேசி வாங்கிவந்தார்.

வீட்டில் ஒரு நல்ல கட்டில் இல்லை. அதைத்தான் சிவகாமி முதலில் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடற்கரைப் பக்கம் கிளேபாங் வரை ஓட்டிக்கொண்டு போனார். இருக்கையின் தோல் வெயிலில் சுட்டது. காற்று கொண்டையை அவிழ்த்தது. மணலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து கை ஆட்டினார்கள். திரும்பும்போது அவள் மடியில் ஓலையில் சுற்றிய மீன் இருந்தது. கட்டில் பேச்சு அதோடு போயிற்று.

கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கார் போடுகிற கூச்சலைக் கேட்டு, தெருவில் மாட்டு வண்டி வைத்திருந்த மருதமுத்துதான் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தான்.

"அண்ணே, மாமியா இன்னிக்கு எழுந்திருச்சா?"

"உன் மாட்ட விடச் சீக்கிரம் எழுந்திரிக்கும்டா."

"என் மாட்டுக்குப் புல்லு போதும். கத்தவும் கத்தாது. புதுசா ஒண்ணு வாங்கறதுதானே? இதப் போயி என்னாத்துக்குக் கட்டிக்கிட்டு அழுவுறிங்க?"

ராஜரத்தினம் சிரித்தார். பதிலைச் சும்மா சொல்லவில்லை, யோசித்துச் சொன்னார். "புதுசுன்னா யார் தொட்டாலும் கெளம்பும், மருதமுத்து. முதலாளி மருமகன் தொட்டாலும் கெளம்பும். இது அப்படி இல்ல. என் கைக்கு மட்டுந்தான் கெளம்பும்."

அது பெருமைக்குச் சொன்னதும் அல்ல. காலையில் எழுந்த மாட்டை மருதமுத்து தட்டிக் கொடுப்பதுபோல, அவர் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பெட்ரோல் குழாயின் சின்னக் குமிழை இரண்டு விரலால் அமுக்கிக் கசியவிட்டு மோந்து பார்ப்பார். கைப்பிடியைக் கால்வாசி இழுத்து நிறுத்தி, உள்ளே என்னவோ மூச்சு விடுவதைக் கேட்பார். பிறகு ஒரே இழுப்பு. அது உயிர் பிடிக்கிற அந்தக் கணத்தில் அவர் முகத்தில் வருவதை, கல்யாணமான நாளிலிருந்து வேறெதற்கும் சிவகாமி பார்த்ததில்லை. பொறாமைப்படவும் அவளுக்குத் தோன்றவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மிச்சம் அவளுக்கும் வந்தது. காரில் இருக்கும்போது மட்டும்தான் அவர் அவளிடம் கதை பேசுவார்.

வேறு யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. அவளுடைய தம்பி விநாயகம் அவர்களோடுதான் இருந்தான். தையல்காரன். தள்ளிவிட மட்டும் அவனைக் கூப்பிடுவார்.

ஜப்பான் பட்டாளம் வந்த வாரத்திலேயே டவுனில் ஓடிய கார்களையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள். ராஜரத்தினம் சக்கரங்களைக் கழற்றினார். தீப்பொறி கொடுக்கும் பெட்டியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்தார். வந்த சிப்பாய்கள் கரி பூசின விளக்கையும் கோழி எச்சத்தையும் பார்த்தார்கள். "ரோசாக், துவான்," என்று அவர் மலாயில் சொன்னார். கெட்டுப்போச்சு, ஐயா. ஒருத்தன் காலால் உதைத்துவிட்டுச் சிரித்தான். போய்விட்டார்கள்.

அதன் பிறகு மழைதான் அவருக்குத் துணை. மத்தியானத்தில் மழை கொட்டி, தகரக் கூரை அதிரும்போது கொட்டகைக்குள் போவார். பெட்ரோலுக்குப் பதிலாக, கிடங்கில் ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெய் ஒரு புட்டியில் இருக்கும். பெட்டியைப் பொருத்தி எஞ்சினைக் கிளப்புவார். மழைச் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது. சக்கரமில்லாமல் மரக்கட்டைமேல் நிற்கிற காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். "சிவகாமி, வா," என்பார். அவளும் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவாள். எங்கும் போகாமல் இருக்கை நடுங்கும். "இப்ப டூரியான் துங்கால் தாண்டிட்டோம்," என்பார். மரவள்ளிக்கிழங்கு தின்று காய்ந்த வயிற்றோடு அவள் சிரிப்பாள்.

அடுத்த வருஷம் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

ரயில் பாதை போடுகிறார்கள், சம்பளம் உண்டு, சோறு உண்டு என்று முதலில் சொன்னார்கள். நம்பிப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராததால் பிறகு யாரும் தாமாகப் போகவில்லை. லாரி வந்து நின்று பிடித்துக்கொண்டு போயிற்று. தெருவுக்கு ஒரு தலைவரைப் போட்டு, அவரே ஆளைக் காட்ட வேண்டும் என்றார்கள். காஜா பெராங்கில் இவர்கள் தெருவுக்குத் தம்பிராஜாவைப் போட்டார்கள். அவர் மலாக்காச் செட்டி. வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, திருநீறு பூசி, மலாய் பேசுகிறவர். அந்த வேலையை அவர் கேட்டு வாங்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஒரு சாயங்காலம் வேலியோரம் வந்து நின்று, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு மலாயில் சொன்னார். "அபாங், இந்தத் தெருவில் பெண்டாட்டி பிள்ளை இல்லாத வயசுப் பையன் உங்க மச்சான்தான். நான் காட்டாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும்."

 ராஜரத்தினத்துக்கு வயது தாண்டிவிட்டது. அவரைப் பிடிக்க மாட்டார்கள். சமையலறையிலிருந்து சிவகாமி வெளியே வந்தாள்.

"ஒரு வழி இருக்கு," என்றார் தம்பிராஜா, அவளைப் பார்க்காமல். "வண்டிப் பிரிவுக்கு ஓடுகிற கார் வேண்டுமாம். காரோடு ஓட்டுகிறவனையும் கொடுத்தால் அவனை மலாக்காவிலேயே வைத்துக்கொள்வார்கள். அந்தப் பிரிவின் ஆபீசர் அடுத்த வாரம் வருகிறார். ஓட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்." கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மழையில் என்ன சத்தம் வருகிறது என்று அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா?

அன்று இரவுச் சாப்பாட்டிலும் மறுநாள் காலைக் கஞ்சியிலும் ராஜரத்தினம் வாய் திறக்கவில்லை. சிவகாமியும் கெஞ்சவில்லை. கிழங்கை அவர் தட்டில் வைத்துவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். விநாயகம் வாசலில் பொத்தான் இல்லாத சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "அவனுக்கு ஓட்டத் தெரியாதே."

"சொல்லிக் குடுங்க."

"அது என்ன, தையல் மிஷினா?"

"நீங்க பொறக்கும்போதே கத்துக்கிட்டா வந்திங்க?"

அவர் சக்கரங்களை மாட்டினார். காரைச் சரிசெய்தாயிற்று, பட்டாளத்துக்குக் கொடுக்கப் போகிறோம் என்று தம்பிராஜா மேலே சொல்லிவைத்ததால் இனி மறைக்க வேண்டியதில்லை. கரியைத் துடைத்ததும் விளக்குகள் வெயிலில் பளீரென்றன. தெருவே வேடிக்கை பார்க்க வந்தது.

விநாயகத்துக்கு இருபத்தைந்து வயது. மெலிந்த உடம்பு. மலாக்காவில் ஒரு வருஷத்துக்கு மேலாகத் தைக்கத் துணி கிடையாது. அவன் பழைய துணியைப் பிரித்துப் பழைய துணியைத் தைத்துக்கொண்டிருந்தான். காரில் ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மிதிகளின் மேல் வைத்துப் பார்த்தான்.

"இத அமுக்கு. மெதுவா. அந்தக் கியர இப்படித் தள்ளு. ஏய், பல்லு ஒடியுதுடா!"

"இல்ல மாமா, இப்பப் பாருங்க."

தையல் மிஷினை மிதித்துப் பழகிய கால் அது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அந்தக் காலுக்கே தெரிந்தது. இரண்டாம் நாளே ராஜரத்தினத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு புக்கிட் பாரு முக்குவரை போய்த் திரும்பி வந்தான். அவர் கியர் மாற்றும்போது எப்போதும் ஒரு கரகரப்பு கேட்கும். பழைய காருக்கு அது இயல்பு என்றுதான் எட்டு வருஷமாகச் சொல்லிவந்தார். விநாயகம் மாற்றும்போது அந்தச் சத்தம் வரவில்லை.

வாசலில் வந்து நிறுத்தியவன் இறங்கவே மனசில்லாமல் உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்திருந்தது. "அக்கா! இத்தன நாளா நீ மட்டும் போயிட்டு வந்தியா! காத்து மூஞ்சில அடிக்குது பாரு, பசியே தெரியலக்கா. மாமா ஏன் யாரையும் தொட வுடலன்னு இப்பத்தான் தெரியுது."

மருதமுத்து மாட்டை அவிழ்த்துக்கொண்டே கத்தினான். "அண்ணே! மச்சான் கையில மாமியா வாயே தொறக்கலியே! இத்தன வருஷமா உங்களத்தான் புடிக்கல போலருக்கு!"

தெருவே சிரித்தது. தம்பிராஜாகூடச் சிரித்தார். சிவகாமி சிரித்துக்கொண்டே கணவரைப் பார்த்தாள். அவர் விளக்கில் ஒட்டியிருந்த புழுதியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுவதற்கு முன்னால் கிளப்ப வேண்டும். அதை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். "கைப்பிடிய நான் சுத்தட்டா மாமா?" என்று விநாயகம் கேட்கும்போதெல்லாம், "நாளைக்கு," என்றார். ஆபீசர் வருவதற்கு முதல்நாள் சாயங்காலம் சிவகாமியே போய் நின்றாள். "இப்பக் காட்டுங்க. நான் பாக்கறேன்."

காட்டினார். குமிழை அமுக்குவது, கால்வாசி இழுத்து நிறுத்துவது, கட்டை விரலைக் கைப்பிடிக்குள் மடக்காமல் வைப்பது. விநாயகம் சுழற்றினான். இரண்டாம் இழுப்பில் கிளம்பிவிட்டது. அவன் துள்ளிக் குதித்தான்.

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கம்பி உண்டு. கார் ஓடும்போது அது கீழே இருக்கும். கிளப்புவதற்கு முன்னால் அதை மேலே தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் சுழற்றினால் எஞ்சினுக்குள் தீ முந்திக்கொண்டு பிடித்துவிடும். கைப்பிடி எதிர்ப்பக்கமாகத் திரும்பி, பிடித்திருக்கிற கையை அடிக்கும். கார் வாங்கிய புதிதில் ராஜரத்தினமே ஒருமுறை மறந்து, மணிக்கட்டு வீங்கி, சிவகாமி உளுந்தும் முட்டையும் குழைத்துப் பத்துப் போட்டாள். பிறகு அவர் மறந்ததே இல்லை. அன்று சாயங்காலமும் விநாயகம் முன்பக்கம் போவதற்குள் அவர் கை போகிறபோக்கில் அதை மேலே தள்ளி, கிளம்பியதும் கீழே இறக்கிவிட்டது. அவர் கை அதைச் செய்வதை அவள் அத்தனை வருஷமாகப் பார்த்திருந்தாள். மூச்சு விடுவதை யாராவது கவனிப்பார்களா? அவளும் கவனிக்கவில்லை.

ஆபீசர் காலையில் வந்தார். கூட இரண்டு சிப்பாய்கள், தம்பிராஜா, தெரு முனையில் ஒரு லாரி. சிப்பாய் வந்தால் பெண்கள் வெளியே நிற்கக் கூடாது என்று தெருவில் வழக்கம். சிவகாமி விளக்குக்குப் பூசுகிற கரிக் கிண்ணத்திலிருந்து எடுத்து முகத்தில் பூசிக்கொண்டு, சமையலறைப் பலகை இடுக்கில் கண்ணை வைத்து நின்றாள். கார் வாசலில், அவளிடமிருந்து ஒரு கட்டில் தூரத்தில் நின்றது.

"இவன்தான் ஓட்டுகிறவன்," என்றார் தம்பிராஜா.

விநாயகம் குனிந்து வணங்கினான். முன்பக்கம் போய்க் கைப்பிடியைச் செருகினான். குமிழை அமுக்கினான். கால்வாசி இழுத்து நிறுத்தினான். எல்லாம் சொல்லிக் கொடுத்தபடி.

ராஜரத்தினம் ஸ்டியரிங் பக்கத்தில் நின்றார். அவர் பார்வை கீழே போயிற்று. அந்தக் கம்பியில் போய் நின்றது. அப்போதுதான் சிவகாமியும் அதைப் பார்த்தாள். கம்பி கீழே இருந்தது. அவருடைய வலது கை தானாகக் கொஞ்சம் எழுந்தது. பிறகு அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் பிடித்துக்கொண்டார்.

சிவகாமிக்கு வாய் திறந்தது. சத்தம் வெளியே வரவில்லை. சிப்பாய் ஒருத்தன் அந்தப் பலகைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

விநாயகம் முழுப் பலத்தோடு இழுத்தான். கைப்பிடி திரும்பி அடித்தது. பச்சை மூங்கில் ஒடிகிற மாதிரி சத்தம். அவன் மண்ணில் விழுந்து, வலது மணிக்கட்டை மார்போடு சேர்த்துக்கொண்டு, "மாமா, மாமா," என்றான்.

ஆபீசர் இடது கையைக் காட்டி, அந்தக் கையால் செய் என்றார். அவன் எழுந்து இடது கையால் இழுத்தான். பாதிகூடச் சுழலவில்லை. சிப்பாய்கள் சிரித்தார்கள். ஆபீசர் ராஜரத்தினத்தின் பக்கம் திரும்பினார். நீ செய்து காட்டு என்று கையால் சைகை.

தம்பிராஜா அவசரமாக மலாயில் சொன்னார். "அபாங், சுத்துங்க. சீக்கிரம் சுத்துங்க."

ராஜரத்தினம் காரைப் பார்த்தார். ஆபீசரைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். "ரோசாக், துவான்," என்றார்.

கன்னத்தில் அறை விழுந்தது. மூக்குக் கண்ணாடி தெறித்தது. அவர் மறுபடி குனிந்தார். "ரோசாக், துவான்."

ஆபீசர் காரின் மிதிப்படியில் துப்பினார். பிறகு கார், விநாயகம் இரண்டையும் மாறி மாறிச் சுட்டிச் சிப்பாய்களிடம் என்னவோ சொன்னார். மலாயில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "மாத்தி." செத்துப்போச்சு. அது காரைச் சொன்னது. விநாயகத்தைத் தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கையில் கட்டுப் போடக்கூட விடவில்லை. கை ஒடிந்தவன் எப்படி வேலை செய்வான் என்று தம்பிராஜா கேட்டதற்கு அவருக்கும் ஓர் அறை கிடைத்தது. லாரியில் ஒருத்தன் மட்டும் போகக் கூடாதென்று, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த மருதமுத்துவையும் ஏற்றினார்கள். அவனுக்குப் பெண்டாட்டி இருந்தாள். கைக்குழந்தை இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

சிவகாமி முகத்துக் கரியோடு தெருவில் ஓடினாள். லாரி திருப்பத்தில் விநாயகம் நல்ல கையை ஆட்டியது தெரிந்தது. "மாமா மேல தப்பில்லக்கா! நாந்தான் என்னமோ மறந்துட்டேன்!" என்று கத்தினான்.

வீட்டுக்கு வந்தபோது ராஜரத்தினம் மிதிப்படியில் ஆபீசர் துப்பியதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரோடு சேர்ந்து காரைக் கொட்டகைக்குள் தள்ளினாள். சாக்கைப் பிடித்துக் கொடுத்தாள். மறுநாள் அடுப்பு மூட்டினாள், கிழங்கு அவித்தாள். மருதமுத்துவின் மனைவி வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "உங்க டப்பா காருக்கு எம் புருசன் பலியா!" சிவகாமி கதவைச் சாத்தவில்லை. எல்லாவற்றையும் நின்று கேட்டாள். ராஜரத்தினம் வேலைக்குப் போனார். கிடங்கில் இப்போது ஒரு ஜப்பான்காரன் அதட்டினான்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் பெருமழை பிடித்தது. கூரை அதிர்ந்தது. அவர் கொட்டகைக்குள் போவதை அவள் பார்த்தாள். மழைக்குள் காதைக் கொடுத்தபடி உலைமுன் உட்கார்ந்திருந்தாள்.

முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது.

"சிவகாமி!" என்று கூப்பிட்டார். கொஞ்சம் கழித்து, "வாயேன்," என்றார்.

அவள் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கூப்பிட்டால் போய்ப் பழகிய கால். ஏறி உட்கார்ந்தாள். இருக்கை நடுங்கியது. எஞ்சின் ஒரு சீராக, பிசிறில்லாமல் ஓடியது. எட்டு வருஷப் பழக்கத்தில் அவள் முதுகு தானாகச் சாய்ந்தது, உடம்பு இளகியது, கிளேபாங் காற்று ஒரு கணம் முகத்தில் வந்து பட்டது. அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததை அவள் உணர்ந்தாள். இறங்கி மழையில் நின்று பித்தமாக வாந்தியெடுத்தாள்.

"என்ன சேரல?" என்று அவர் காரிலிருந்தபடியே கேட்டார்.

அதற்குப் பிறகு அவள் விளக்கைத் தேய்க்கவில்லை. அவரும் தேய்க்கச் சொல்லவில்லை. தாமே ஒருமுறை பிலிம்பி நசுக்கப் பார்த்தார். சாறு கண்ணில் தெறித்து அப்படியே விட்டுவிட்டார்.

ரயில் பாதை முடிந்து, உடம்பு கெட்டுப்போனவர்களில் சிலரைத் திருப்பி அனுப்பியபோது மருதமுத்து வந்து சேர்ந்தான். அடுத்த வருஷம் அது. முதலில் அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. காலில் முழங்கால் வரை புண். பேசும்போது தலை ஆடியது. சிவகாமி கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். அவன் மனைவி இந்தத் தடவை திட்டவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"தம்பி?" என்றாள் சிவகாமி.

மருதமுத்து கஞ்சியைக் குடித்து முடித்தான்.

"கை கோணலாக் கூடிருச்சுக்கா. மண்ணு கூடைய ரெண்டு கையால தூக்கணும். அவனால முடியல. தூக்கும்போது கொட்டிரும். கொட்டுனா அடி. தெனம் அடி. கை சரியா இருந்த பயலுவ காச்சல்ல செத்தானுங்க, காலராவுல செத்தானுங்க. இவனுக்கு எதுவும் வரல. அடிச்சே..." கிண்ணத்தைக் கீழே வைத்தான். "மழைக்காலத்துல ஒரு நாள் காலைல எழுந்திருக்கல. நாந்தான் இழுத்துட்டுப் போயி மண்ணத் தள்ளினேன். ராத்திரியில காரு பத்திதான் பேசுவான். திரும்பிப் போனா அது ஏன் ஒதச்சதுன்னு மாமாகிட்டக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். எங்க தப்புப் பண்ணேன்னு தெரிஞ்சுக்கணும்னான்."

அவள் வீட்டுக்கு வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். ராஜரத்தினம் கிடங்கிலிருந்து வந்து, முன்னறையில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மருதமுத்து வந்த சேதி அவருக்கும் எட்டியிருந்தது. தலை நிமிரவில்லை. அவள் கிழங்கை வைத்தாள். உப்பை வைத்தாள். தண்ணீர் மொண்டு வைத்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து, மருதமுத்து சொன்னதை அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அழவும் இல்லை.

அவர் கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்தது பிசைந்தபடி இருந்தது.

"நான் அன்னிக்கு இடுக்கு வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றாள். "நீங்க பாத்ததையும் பாத்தேன். கையப் பின்னால கட்டிக்கிட்டதையும் பாத்தேன். எனக்கும் தெரியும்ல, அந்தக் கம்பி? ஒரு வார்த்த கத்தியிருந்தாப் போதும். சிப்பாய் நிக்கிறான்னு பயந்துக்கிட்டு வாய மூடிக்கிட்டேன்."

வெளியே தம்பிராஜா வீட்டில் யாரோ கிணற்றில் வாளியை விட்டார்கள். கயிறு சக்கரத்தில் ஓடி நின்றது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் அன்னிக்குக் கத்தியிருந்தா, கம்பிய மேல தள்ளியிருப்பிங்களா? இல்ல, அப்பவும் ரோசாக்னுதான் சொல்லியிருப்பிங்களா?"

அவர் விரல்களில் கிழங்கு காய்ந்துகொண்டிருந்தது. தட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை உதடு பிரிந்தது. அவள் முன்னால் குனிந்தாள். அவர் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டுச் செம்பை வைத்தார்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அறையை விட்டுப் போனாள்.